எம்.எல்.ஏ. இறந்து 4 மாதம் ஆகியும் இடைத்தேர்தல் அறிவிக்கவில்லை. எப்போது வரும்? சுயேச்சையாக நிற்க என்ன தயார் செய்ய வேண்டும்?

கேட்கிற தோரணையைப் பார்த்தால் நிற்பது என்று முடிவே எடுத்துவிட்டீர்கள், தேதிதான் பாக்கி. எனவே “நிற்கலாமா, வேண்டாமா” என்ற பேச்சுக்கே போகவில்லை.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 151ஏ: இடம் காலியான நாளிலிருந்து 6 மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடத்த வேண்டும். மரணம் என்றால் இறந்த நாளிலிருந்து கணக்கு. பேரவைச் செயலகம் அறிவிக்கிற நாளிலிருந்து அல்ல. ராஜினாமா என்றால் சபாநாயகர் ஏற்றுக்கொண்ட நாள்.

இந்த 6 மாதத்தைக் கல்வெட்டு மாதிரி நம்பாதீர்கள். அதே பிரிவில் இரண்டு விலக்குகள் உள்ளன. காலியாகும்போது மீதிப் பதவிக்காலம் 1 ஆண்டுக்கும் குறைவாக இருந்தால் கட்டாயமில்லை. மத்திய அரசுடன் கலந்துபேசி, இந்தக் கெடுவுக்குள் நடத்துவது சிரமம் என்று தேர்தல் ஆணையம் சான்றளித்தாலும் தள்ளலாம். 2020 பிப்ரவரியில் காலியான திருவொற்றியூர், குடியாத்தம் தொகுதிகளுக்குப் பேரவையின் ஆயுள் ஓராண்டுக்கு மேல் இருந்தது. கொரோனாவால் தேர்தலே நடக்காமல் 2021 பொதுத்தேர்தல் வந்துவிட்டது. முதல் விலக்கு ‘நடத்தக் கூடாது’ என்ற தடை அல்ல என்பதையும் கவனியுங்கள். ஹரியாணாவில் கர்னால் தொகுதி 2024 மார்ச்சில் காலியானது. பேரவைக்கு 8 மாதம்கூட இல்லை. ஆனாலும் முதல்வராகியிருந்த நாயப் சிங் சைனி 6 மாதத்துக்குள் உறுப்பினராக வேண்டியிருந்தது. மே மாதமே வாக்குப்பதிவு நடந்தது.

பலரும் கவனிக்காமல் விடுவது தேர்தல் வழக்கு. இறந்த உறுப்பினரின் வெற்றியை எதிர்த்து, “என்னையே வெற்றி பெற்றவராக அறிவியுங்கள்” என்று தோற்றவர் உயர் நீதிமன்றத்தில் போட்ட மனு நிலுவையில் இருந்தால், ஆணையம் பொதுவாகக் காத்திருக்கும். மனுதாரர் ஜெயித்துவிட்டால் அங்கே காலியிடமே கிடையாது அல்லவா? தேர்தல் வழக்கு நிலுவையில் இருந்த திருப்பரங்குன்றம் 2018 ஆகஸ்டில் காலியானது. 2019 ஏப்ரல் 18 அன்று 18 தொகுதிகளுக்கு இடைத்தேர்தல் நடந்தபோது அதைச் சேர்க்கவில்லை. மே 19 அன்றுதான் நடந்தது. 9 மாதம்! உங்கள் தொகுதி மீது அப்படி வழக்கு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆணையத்துக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். எல்லாத் தாமதமும் நியாயம் என்று சொல்லவில்லை, எல்லாத் தாமதமும் சதியும் இல்லை.

அறிவிக்கை வந்தபிறகு ஓட வேண்டியது நீங்கள்தான். வேட்புமனுத் தாக்கலுக்குக் கடைசி நாள் 7-ஆம் நாள், மறுநாள் பரிசீலனை, அதிலிருந்து இரண்டாம் நாள் வாபஸ், பிறகு குறைந்தது 14 நாள் கழித்து வாக்குப்பதிவு. அந்த 7 நாளும் முழுசாகக் கிடைக்காது. ஈரோடு கிழக்கில் 2025 ஜனவரி 10 முதல் 17 வரை தாக்கல் என்றார்கள். இடையில் சனி, ஞாயிறு, பொங்கல் விடுமுறைகள். மனு வாங்கியது 10, 13, 17 ஆகிய 3 நாட்கள்தான், அதுவும் காலை 11 முதல் பிற்பகல் 3 வரை.

சுயேச்சைக்கு 10 முன்மொழிபவர்கள் வேண்டும், பத்துப் பேரும் அதே தொகுதி வாக்காளர்களாக இருக்க வேண்டும். சுயேச்சைகள் கவிழ்கிற இடம் இதுதான். வாக்காளர் பட்டியலில் அவர்களுக்குள்ள பாக எண், வரிசை எண்ணில் எழுத்துப்பிழை இருந்தால் சமாளிக்கலாம். “இது என் கையெழுத்து இல்லை” என்று ஒருவர் சொல்லிவிட்டால் பத்து ஒன்பதாகும், மனு போச்சு. 2017 டிசம்பரில் ஆர்.கே. நகரில் நடிகர் விஷாலின் மனு, முன்மொழிந்த இருவர் அப்படிச் சொன்னதால்தான் தள்ளுபடியானது. ஒருவர் 4 மனுக்கள் வரை தரலாம், டெபாசிட் ஒன்றுதான் (ரூ.10,000, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு ரூ.5,000). எனவே வேறு வேறு பத்துப் பேரை வைத்து இரண்டு மனுவாவது போடுங்கள். உங்கள் வாக்கு வேறு தொகுதியில் இருந்தால் அந்தப் பட்டியலின் சான்றிட்ட நகல் வேண்டும்; அதை வாங்கவே சில நாள் இழுக்கும், முன்கூட்டியே கேட்டுவையுங்கள்.

சொத்து, கடன், வழக்கு விவரங்களைத் தரும் படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில் ஒரு கட்டத்தையும் காலியாக விடாதீர்கள். ‘இல்லை’ அல்லது ‘பொருந்தாது’ என்று எழுதுங்கள், கோடு இழுத்தால் போதாது. செலவுக்கெனத் தனி வங்கிக் கணக்கை மனு போடுவதற்கு ஒரு நாள் முன்பாவது தொடங்கியிருக்க வேண்டும். வேட்பாளராக எடுக்க வேண்டிய உறுதிமொழியை மனு கொடுத்தபின், பரிசீலனைக்கு முந்தைய நாளுக்குள் எடுத்துவிட வேண்டும். பரிசீலனை நாளன்று காலை போய் நின்றால் ஏற்கமாட்டார்கள்.

    

செலவு வரம்பு தமிழ்நாட்டில் ரூ.40 லட்சம். நீங்கள் 40,000 செலவழித்தாலும் செலவுப் பதிவேட்டைப் பிரச்சார காலத்தில் 3 முறை ஆய்வுக்குக் காட்ட வேண்டும். முடிவு வந்த 30 நாளுக்குள் முழுக் கணக்கை மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் தர வேண்டும். தோற்றவரை யார் கேட்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டால், அதே 1951 சட்டத்தின் 10ஏ பிரிவின்படி 3 ஆண்டு தகுதிநீக்கம் வரை போகும்.