கேளுங்கள், சொல்கிறேன்: நம் ஊர் டிராகன் எது?

கேள்வி: ஏழாவது படிக்கும் என் மகன் எந்நேரமும் டிராகன் கதையும் கையுமாக இருக்கிறான். சீனாவில் டிராகனைக் கும்பிடுகிறார்கள், ஐரோப்பாவில் வெட்டிக் கொல்கிறார்கள். ஏன் இப்படி? நம்மிடம் டிராகனே கிடையாதா?
– வாசகி, பெரம்பூர்

பதில்: அவனைத் தடுக்காதீர்கள் அம்மா. பள்ளி நூலகத்தில் பல வருஷம் இருந்தவள் நான். டிராகன் புத்தகத்தில் தொடங்கிய பிள்ளைகள் தானாகவே அடுத்த அலமாரிக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

எந்த ஊர் டிராகனானாலும், அது எதைக் காத்துக் கிடக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். சீனத்து டிராகன் நீருக்கு அதிபதி. நான்கு கடலுக்கும் நான்கு டிராகன் அரசர்கள். மழை பொய்த்தால் அவர்களைத்தான் வேண்டுவார்கள். மழை கொடுக்கிற சாமியை யார் வெட்டுவார்கள்? வட ஐரோப்பாவிலோ அது புதையல் மேல் படுத்திருக்கும். நார்ஸ் கதையில் வரும் ஃபாஃப்னிர், தங்கத்துக்காகப் பெற்ற தகப்பனையே கொன்று, பிறகு டிராகனாகிப்போனவன். ஆங்கில எழுத்தாளர் டோல்கீனின், 1937இல் வெளியான ‘தி ஹாபிட்’ நாவலில் வரும் ஸ்மாகும் இந்த வம்சம்தான்.

நமக்கு யாளி என்பார்கள் சிலர். எனக்குச் சம்மதமில்லை, அது சிங்க உடம்புக்காரன். நம் ஆள் விருத்திரன். ரிக் வேதம் முதல் மண்டலத்தின் 32ஆம் பாடலில், ஆறுகளை அடைத்துக்கொண்டு மலைமேல் கிடக்கும் பெரும்பாம்பு அவன். இந்திரன் வஜ்ராயுதத்தால் அடித்ததும், கதறும் பசுக்களைப் போலத் தண்ணீர் கடலைப் பார்த்து ஓடுகிறது. குடத்தோடு தண்ணீர் லாரிக்குக் காத்து நின்ற சென்னைக்காரர்களுக்கு இவனைவிடப் பயங்கரமான டிராகன் உண்டா? அதே விருத்திரன், பாகவதத்தின் ஆறாம் ஸ்கந்தத்தில், போர்க்களத்தில் இந்திரன் எதிரிலேயே நின்று பக்தியைப் பேசுகிறான். எனக்குக் கண் கலங்கும் இடம் அது. மகனுக்கு அவசியம் படித்துக் காட்டுங்கள்.

இன்னொன்று. நம் சென்னைக் கோட்டைக்கு வைத்திருப்பதே டிராகனைக் கொன்ற புனித ஜார்ஜின் பெயர்தான். வீட்டில் பாட்டி காலத்து பிரிட்டிஷ் சவரன் காசு இருந்தால் புரட்டிப் பாருங்கள். பெரும்பாலும் குதிரைமேல் ஜார்ஜும் குளம்படியில் டிராகனும் இருக்கும். பிஸ்ட்ருச்சி என்ற இத்தாலியர் 1817இல் வெளியான சவரனுக்காகச் செதுக்கிய உருவம்.

கேள்வி: கொமோடோ டிராகன் நெருப்பு கக்குமா?
– ஆறாம் வகுப்பு மாணவன், திருவொற்றியூர்

பதில்: கக்காது, கண்ணா. அது இந்தோனேசியத் தீவுகளில் வாழும் ராட்சத உடும்பு. மூன்று மீட்டர் வரை வளரும். கடியில் விஷம் உண்டு. மானையும் எருமையையும்கூட வீழ்த்திவிடும். நம் ஊர் உடும்பும் அதே குடும்பம்தான்.