சட்டம் கேளுங்கள்: நாட்டுத் துப்பாக்கி வழக்கில் தண்டனை, அடுத்து அப்பீல்

கேள்வி: என் அண்ணன் கோத்தகிரி பக்கம் எஸ்டேட்டில் வேலை பார்க்கிறார். லைன் வீட்டுப் பரணில் நாட்டுத் துப்பாக்கி இருந்ததாக வழக்கு. மாஜிஸ்திரேட் கோர்ட் 2 வருடம் ஜெயில், 5,000 ரூபாய் அபராதம் போட்டுவிட்டு, அப்பீல் போவதற்காக ஒரு மாதம் வெளியே விட்டிருக்கிறது. அண்ணன் ஜெயிலுக்குப் போகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?
– கோத்தகிரி வாசகி

பதில்: அந்த ஒரு மாதத்தை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். ஜாமீனில் இருந்தவருக்கு 3 ஆண்டுக்கு மேற்படாத தண்டனை விதித்தால், அப்பீல் போடும் அவகாசத்துக்கு அந்தக் கோர்ட்டே அவரை விட்டுவைக்கும் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 389(3), இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சுருக்கமாக பிஎன்எஸ்எஸ், 430(3)). குறித்த தேதியோடு அது முடிந்துவிடும். அதற்குள் ஊட்டி மாவட்ட அமர்வு நீதிமன்றத்தில் அப்பீலையும் தண்டனையை நிறுத்திவைக்கக் கோரும் மனுவையும் சேர்த்தே போட்டு, நிறுத்திவைத்த உத்தரவைக் கையில் வாங்கிவிட வேண்டும். அப்பீலுக்கு நம்பர் ஆகிவிட்டது, இனி கவலையில்லை என்று இருந்தால் பிடிவாரண்டு வரும்.

அப்பீலுக்குக் கெடு 30 நாள். தீர்ப்பு நகலை இலவசமாக, உடனே தர வேண்டியது கோர்ட்டின் கடமை. அன்றே கேட்டு வாங்குங்கள். சான்றிட்ட நகலுக்கு மனு போட்டால் அது தயாராக ஆன நாட்கள் கெடுவில் சேராது. கெடு தாண்டியிருந்தால் காரணம் சொல்லித் தாமத மன்னிப்பு மனு போடலாம்.

மலையில் பெரிய சிக்கல் ஜாமீன்தாரர்தான். லைன் வீட்டில் இருப்பவருக்குச் சொந்தப் பெயரில் நிலமோ வீட்டு வரி ரசீதோ இருக்காது. சொத்துள்ள இரண்டு பேர் கிடைக்கவில்லை என்றால் உத்தரவு கையில் இருந்தும் ஆள் உள்ளேதான். நிபந்தனையைத் தளர்த்தச் சொல்லி அதே கோர்ட்டில் மனு போடுங்கள். வக்கீலுக்கு வசதி இல்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள், தொலைபேசி 15100. சிறையில் இருப்பவருக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், பெண்களுக்கும் அங்கே வருமான வரம்பு கிடையாது. கோவை மத்திய சிறையில் இருப்பவர் சிறை அதிகாரி மூலமாகவே அப்பீல் அனுப்பலாம்.

இனி வழக்கின் உள்ளே. அப்பீலில் சாட்சிகளைப் புதிதாக விசாரிப்பது அபூர்வம். கீழ்க்கோர்ட் வழக்குக் கோப்பில் இருக்கும் காகிதங்களை வைத்துத்தான் வாதம். முதலில் மகஜரை (பொருளைக் கைப்பற்றியபோது போலீஸ் எழுதிய குறிப்பை) எடுங்கள். பரண் யாருடையது? ஒரே பரணை இரண்டு மூன்று குடும்பம் புழங்கினால், துப்பாக்கி அங்கே இருப்பது இவருக்குத் தெரியும் என்பதையும் அது இவர் கைவசம் இருந்தது என்பதையும் போலீஸ் தரப்பு நிரூபித்திருக்க வேண்டும். அறிந்தே வைத்திருந்தால்தான் அது 'வைத்திருத்தல்' என்று உச்ச நீதிமன்றம் 1972-இலேயே குன்வந்த்லால் வழக்கில் சொல்லிவிட்டது.

அடுத்து மகஜர், பொருளைக் கோர்ட்டுக்கு அனுப்பிய படிவம் 95, நிபுணர் அறிக்கை மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். மகஜரில் குழல் நீளம் ஓர் அளவு, அறிக்கையில் வேறு. ஒன்றில் குதிரை உடைந்தது, மற்றதில் குதிரை நன்றாக வேலை செய்கிறது. சீல் வைத்ததாக வரியே இல்லை. பிடித்த பொருள் பல நாள் ஸ்டேஷனிலேயே கிடந்தது. கைப்பற்றியதும் பரிசோதித்ததும் ஒரே துப்பாக்கிதானா என்ற சந்தேகம் இப்படித்தான் பிறக்கும். மகஜர் சாட்சி பல்டி அடித்தால் கேஸ் முடிந்தது என்பது டீக்கடைச் சட்டம். போலீஸ் சாட்சியம் நம்பும்படி இருந்தால் அதை வைத்தே தண்டிக்கலாம்.

மூன்றாவது, கலெக்டரின் முன் அனுமதி. ஆயுதச் சட்டம் 39-ஆம் பிரிவின்படி அது இல்லாமல் வழக்குத் தொடரவே முடியாது. ஆணையின் தேதியைப் பாருங்கள். ஆணையில் சின்னக் குறை இருப்பது மட்டும் போதாது, அதனால் நீதி பிறழ்ந்தது என்று காட்ட வேண்டும். அனுமதியே இல்லை என்றால் கதை வேறு.

சம்பவத் தேதியையும் விட்டுவிடாதீர்கள். உரிமமில்லாத சாதாரணத் துப்பாக்கி வைத்திருந்தால் இன்று 2 முதல் 5 ஆண்டு. 14.12.2019-க்கு முன் பிடிபட்டதென்றால் பழைய அளவுதான்: 1 முதல் 3 ஆண்டு. போதிய, சிறப்பான காரணம் எழுதி, குறைந்தபட்ச அளவுக்கும் கீழே இறக்கக் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. ஆகவே முதல் குற்றம், வயது, நோய், குடும்பநிலை எல்லாவற்றையும் ஆவணத்தோடு மனுவிலேயே வையுங்கள். இவர் மட்டும் போட்ட அப்பீலில் தண்டனையைக் கூட்ட முடியாது. அதற்கு அரசு தனியாக அப்பீல் போட வேண்டும்.

கேள்வி: தாத்தா காலத்துத் துப்பாக்கி, துருப்பிடித்தது. அவர் பெயரில் லைசென்ஸும் இருந்தது. அப்பாவுக்குத் தண்டனை ஆகிவிட்டது. 'பன்றிக்காகத் தோட்டத்தில் வைத்திருந்தோம்' என்று அப்பீலில் சொல்லலாமா?
– மன்னவனூர் வாசகர்

பதில்: சொல்லவே சொல்லாதீர்கள். போலீஸ் கஷ்டப்பட்டு நிரூபிக்க வேண்டியதை நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். தாத்தாவின் லைசென்ஸ் அப்பாவுக்குச் செல்லாது. அவர் இறந்ததும் துப்பாக்கியை ஸ்டேஷனிலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட்டு, வாரிசு தன் பெயரில் லைசென்ஸுக்கு மனு செய்திருக்க வேண்டும். ஆனாலும் அந்த லைசென்ஸ், துப்பாக்கி வீட்டுக்கு வந்த வழியைக் காட்டும். தண்டனையைக் குறைக்கக் கேட்கும்போது உதவும். கீழ்க்கோர்ட்டில் அதைக் காட்டவில்லை என்றால், கூடுதல் சாட்சிய மனுவோடு (பிஎன்எஸ்எஸ் 432) வைக்கலாம். ஏன் அப்போது வைக்கவில்லை என்று நீதிபதி கேட்பார்.

துரு உங்களுக்குச் சாதகமாக வரலாம். பழுதாகி, ரிப்பேர் செய்தாலும் சுட முடியாத ஆயுதத்துக்கு ஆயுதச் சட்டம் 45(சி) பிரிவு விலக்குத் தருகிறது. 'ரிப்பேர் செய்தாலும்' என்பதில்தான் பலர் தோற்கிறார்கள். நிபுணர் மருந்து கெட்டித்துச் சுட்டுப் பார்த்தாரா, வெறும் கண்ணால் பார்த்துவிட்டுச் சொன்னாரா என்று குறுக்கு விசாரணையில் தேடுங்கள். அப்பீல் திண்டுக்கல் அமர்வு நீதிமன்றத்துக்கு. அதற்கு மேல் மதுரைக் கிளை.

கேள்வி: துப்பாக்கி வழக்கில் அமர்வு நீதிமன்றமும் தண்டனையை உறுதி செய்துவிட்டது. வனத்துறை வேட்டை வழக்கிலும் தனித் தண்டனை. இனி?
– கூடலூர் வாசகர்

பதில்: 90 நாளுக்குள் சென்னை உயர் நீதிமன்றத்தில் சீராய்வு மனு. அங்கே சாட்சியத்தை முதலிலிருந்து அலசமாட்டார்கள். சட்டப் பிழையும் வெளிப்படையான தவறும்தான் எடுபடும். இரண்டும் தனித்தனி வழக்கு என்பதால், கோர்ட் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால் ஒரு தண்டனை முடிந்துதான் அடுத்தது தொடங்கும் (பிஎன்எஸ்எஸ் 467). பின்னால் வந்த தீர்ப்பில் 'ஏககாலத்தில்' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதைத் தனிக் கோரிக்கையாகவே மனுவில் எழுதச் சொல்லுங்கள். ரிமாண்டில் இருந்த நாட்களைக் கழிக்கும் உத்தரவையும் (468) அதோடு கேளுங்கள்.