மழைக்குப் பின் கரையேறும் இறால்: மருந்து தேவையா?

கேள்வி: குளத்தில் வனாமி என்ற வளர்ப்பு இறாலின் குஞ்சு விட்டு 65 நாள் ஆகிறது. மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. அதிலிருந்து இறால்கள் விடியற்காலையில் கரையோரம் வந்து மந்தமாக நிற்கின்றன. இறால் தின்கிறதா என்று பார்க்க வைக்கும் செக் ட்ரேயில் தீவனம் மிஞ்சுகிறது. சிலவற்றின் ஓட்டில் கரும்புள்ளி, இரண்டு மூன்றில் வெள்ளைப் புள்ளியும் தெரிகிறது. ஆன்டிபயாடிக்கைத் தீவனத்தில் கலக்கச் சொல்கிறார்கள். எதிர்ப்புச் சக்தி டானிக்கும் கொடுக்கச் சொல்கிறார்கள். கோழிக்குப் போடுவதுபோல் இறாலுக்குத் தடுப்பூசி கிடையாதா?

பதில்: ஆன்டிபயாடிக் வேண்டாம். வெள்ளைப் புள்ளியைப் பார்த்து நீங்கள் பயப்படும் வெண்புள்ளி நோய் வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது. குளத்தில் இருக்கும் நல்ல பாக்டீரியாவைக் கொல்லும், இறாலின் உடலில் எச்சமாகத் தங்கும், விற்கும்போது சரக்கு திரும்பி வரும்.

தடுப்பூசிக்கு வருகிறேன். கோழிக்குப் போடும் ஊசி, அதன் ரத்தத்தில் அந்தக் கிருமியை மட்டும் அடையாளம் கண்டு பிடிக்கும் ஆன்டிபாடி என்ற புரதத்தை உருவாக்கி, அதை நினைவிலும் வைக்கிறது. இறால், நண்டு, பட்டுப்புழு, தேனீ எதற்கும் ஆன்டிபாடி கிடையாது. ஆய்வுக்கூடத்தில் செத்த வைரஸைச் செலுத்தி இறாலுக்குக் கொஞ்ச காலப் பாதுகாப்பு கிடைத்ததைப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் கோழி ஊசிபோல் நம்பிக் குளத்தில் பயன்படுத்தும் அளவுக்கு அது வரவில்லை.

அதற்காக இறால் நிராயுதபாணி என்று நினைக்க வேண்டாம். அதன் ரத்தத்தில் மிதக்கும் செல்கள்தான் படை. 1884-இல் மெச்னிகாஃப் என்ற ரஷ்ய விஞ்ஞானி, இறாலின் தூரத்து உறவான டாஃப்னியா என்ற நீர்த்தெள்ளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். உடம்பே கண்ணாடிபோல இருப்பதால், உள்ளே நுழைந்த ஈஸ்ட் வித்துகளை ரத்தச் செல்கள் சூழ்ந்து விழுங்குவது உயிருள்ள விலங்கிலேயே தெரிந்தது. உங்கள் குளத்து இறாலுக்குள்ளும் இதுவே நடக்கிறது. சின்னக் கிருமியைச் செல் விழுங்கும். பெரிதாக இருந்தால் பல செல்கள் கூடிப் பொதிந்துவிடும். காயம் பட்ட இடத்தில் ரத்தம் சட்டென்று உறையும், கூடவே மெலனின் என்ற கரிய பொருள் படிந்து அடைத்துவிடும்.

நீங்கள் பார்த்த கரும்புள்ளி பெரும்பாலும் அந்த மெலனின்தான். ஓட்டைப் பாக்டீரியா அரித்த இடமாகவோ, ஒன்றையொன்று கடித்த காயமாகவோ இருக்கும். மேலோட்டமாக இருந்தால் அடுத்த தோல் உரிப்பில் ஓட்டோடு போய்விடும். ஆனால் குளம் முழுக்கக் கரும்புள்ளி பெருகினால் அடிமண் கெட்டிருக்கிறது என்று கொள்ளுங்கள்.

வெள்ளைப் புள்ளியைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். தலை ஓட்டைக் கழற்றி, உட்புறச் சதையைத் துடைத்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். வைரஸ் புள்ளி ஓட்டுக்குள்ளேயே இருக்கும், சுரண்டினால் போகாது. ஆனால் சில பாக்டீரியாக்களும், காரத்தன்மை மிகுந்த நீரில் படியும் உப்புகளும்கூட இதேபோல் புள்ளி போடும். கண்ணை மட்டும் நம்பி முடிவெடுத்தால் நல்ல குளத்து இறாலை அவசரமாக அறுவடை செய்துவிடவும் வாய்ப்புண்டு. இன்னொரு வழி ரத்தம். மெல்லிய ஊசியால் வயிற்றுப் பக்கமிருந்து கொஞ்சம் உறிஞ்சிப் பாருங்கள். சிவப்பாக இருக்காது, தெளிவாக, லேசான நீலச் சாயலில் இருக்கும், ஏனென்றால் ஆக்சிஜனைச் சுமப்பது இரும்பு அல்ல, செம்பு. நல்ல இறாலின் ரத்தம் சீக்கிரமே கட்டிப் போகும். வெண்புள்ளி முற்றியதில் தண்ணீர்போல் நிற்கும்.

சரி, மழைக்கும் இதற்கும் என்ன தொடர்பு? வைரஸைச் சுமந்தபடியே வெளியில் நன்றாகத் தெரியும் இறால்கள் உண்டு. நோய் எப்போது வெடிக்கும் என்பது பெரும்பாலும் இறால் எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. மழையில் நீரின் வெப்பம் இறங்கும், உப்பு குறையும், மேலே நல்ல தண்ணீர் ஓர் அடுக்காக நின்று அடியில் ஆக்சிஜன் தட்டும். இந்த அதிர்ச்சியில் இறாலின் கண்தண்டிலிருந்து ஒரு ஹார்மோன் சுரந்து ரத்தச் சர்க்கரையை ஏற்றும். ரத்தச் செல்களின் எண்ணிக்கை சரியும். உப்பைச் சமன் செய்யவும், தோல் உரிக்கவும், கிருமியோடு சண்டை போடவும் ஒரே பையிலிருந்துதான் பணம் எடுக்க வேண்டும். எல்லாச் செலவும் ஒரே வாரத்தில் வந்தால் பை காலி.

வெப்பம் இதில் முக்கியம். நோய் பிடித்த வெட்டுக்கிளி வெயிலில் போய்க் காய்ந்து தன் உடல் சூட்டை ஏற்றிக்கொள்ளும். தேனீக்கள் அடையில் பூஞ்சை நுழைந்தால் கூட்டமாகச் சேர்ந்து அடையைச் சூடாக்கும். வெண்புள்ளி வைரஸும் 32, 33 டிகிரியில் பெருகத் திணறுகிறது என்று சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஆனால் குளத்து இறால் எங்கே போய்க் காயும்? அதனால் வெப்பமும் உப்பும் ஒரேயடியாக இறங்காமல் தடுப்பது உங்கள் வேலை.

இப்போது செய்ய வேண்டியது: மேல்நீர் வடியும் மதகு இருந்தால் மழைத் தண்ணீரை மட்டும் வடியுங்கள், ஆனால் இறாலில் வைரஸ் இல்லை என்று உறுதியான பிறகுதான். நீருக்குக் காற்றூட்டும் ஏரேட்டரை இரவெல்லாம் ஓட்டுங்கள். விடியற்காலையில் ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே போகக் கூடாது. தீவனத்தைப் பாதியாகக் குறைத்து, ட்ரே காலியாவதைப் பார்த்து ஏற்றுங்கள். மிஞ்சிய தீவனம் அழுகி அம்மோனியா ஆகும். நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச் இறங்கியிருந்தால் டோலோமைட் அல்லது விவசாயச் சுண்ணாம்பு போடுங்கள். நீற்றிய சுண்ணாம்பை அள்ளிக் கொட்டாதீர்கள், பி.எச் திடீரென்று ஏறினால் அம்மோனியாவின் நஞ்சும் கூடும். பி.எச் காலைக்கும் மாலைக்கும் 0.5-க்கு மேல் மாறாமல் இருந்தால் நல்லது. இந்த வாரம் வீச்சு வலை போட்டு அலைக்கழிக்க வேண்டாம், தோல் உரித்தவை நிறைய இருக்கும்.

டானிக் விஷயம். ஈஸ்ட் சுவரிலிருந்து எடுக்கும் பீட்டா குளுக்கான் ரத்தச் செல்களைத் தட்டி எழுப்பும், உண்மைதான். ஆனால் அது நோய்க்கு முன்னால், விட்டு விட்டுக் கொடுக்க வேண்டியது. ஏற்கெனவே சோர்ந்து தீவனம் எடுக்காத இறாலுக்கு இப்போது கொடுத்தால் காசுதான் வீண்.

இன்றே மாதிரி அனுப்புங்கள். செத்து மிதப்பதை எடுக்காதீர்கள். கரையோரம் தள்ளாடும் உயிருள்ள இறாலாகப் பாருங்கள். செவுளையும் நீந்து கால்களையும் வெட்டி 95 சதவீத ஆல்கஹாலில் போட்டு, வைரஸின் மரபணுவைக் கண்டுபிடிக்கும் பிசிஆர் சோதனைக்குக் கொடுங்கள். கண்ணைச் சேர்க்க வேண்டாம், அதிலுள்ள பொருள்கள் சோதனையைக் கெடுக்கும். முடிவு வரும்வரை குளத்து நீரை வெளியே விடாதீர்கள், வலையையும் வாளியையும் அடுத்த குளத்துக்குக் கொண்டு போகாதீர்கள், நண்டு உள்ளே வராமல் கரை வேலியைச் சரிபாருங்கள். வைரஸ் உறுதியாகிச் சாவும் நாளுக்கு நாள் கூடினால் தாமதிக்காமல் இறாலை அறுவடை செய்துவிடுங்கள். தண்ணீரைக் குளோரின் போட்டுத் தேக்கி வைத்து, குளோரினின் வீரியம் போன பிறகே திறந்துவிடுங்கள்.