மூன்று ராஜா இருந்தும் ஏன் தோற்றேன்?

(வாசகர் கேள்வி – பதில்: போக்கர்)

கேள்வி: டெக்ஸாஸ் ஹோல்டெம் (ஆளுக்கு இரண்டு சீட்டு கையில், எல்லாருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு பலகையில் என்று ஆடும் போக்கர்) ஆடத் தொடங்கி ஒரு வருடம் ஆகிறது. போன வாரம் பிக் பிளைண்டில் (சீட்டு வரும் முன்பே கட்டாயப் பந்தயம் வைக்கும் இடம்; அந்தத் தொகையே 1 பிளைண்ட்) எனக்கு ராஜா-6 வந்தது. முதலில் பேச வேண்டியவர் 3 பிளைண்டுக்கு ஏற்றினார். மற்ற எல்லாரும் ஃபோல்ட் (கையை மடக்கிவிட்டார்கள்), நான் மட்டும் கால் (அதே தொகையைப் போட்டேன்). ஃப்ளாப்பில் (பலகையின் முதல் மூன்று சீட்டு) ராஜா, ராஜா, 9. நான் செக் (பந்தயம் கட்டாமல் விட்டேன்), அவர் 3 கட்டினார், கால் செய்தேன். டர்னில் (நான்காவது சீட்டு) 2. அவர் 8 கட்ட, நான் 26-க்கு ஏற்றினேன். அவர் மீதி எல்லாவற்றையும் நடுவில் தள்ளிவிட்டார். ஆளுக்கு 100 பிளைண்டோடு உட்கார்ந்திருந்தோம். மூன்று ராஜாவை எப்படி விடுவது என்று கால் செய்தேன். அவர் காட்டியது ஏஸ்-ராஜா. இது என் தப்பா, துரதிர்ஷ்டமா?

பதில்: இரண்டும் இருக்கிறது. ஆனால் நீங்கள் நினைக்கிற இடத்தில் தப்பு இல்லை. எல்லாரும் கடைசிக் காலை நினைத்துத்தான் வருந்துவார்கள். எனக்கு உறுத்துவது அந்த 26.

ஃப்ளாப் விழுந்ததும் அவர் கையில் என்னென்ன இருக்கலாம் என்று எண்ணிப் பாருங்கள். உங்களிடம் ஒரு ராஜா, பலகையில் இரண்டு. கட்டில் மிச்சம் ஒன்றே ஒன்று. அந்த ஒன்றோடு ஏஸ் சேரும் வகைகள் 4, ராணி சேரும் வகைகள் 4, ஜாக்கி சேரும் வகைகள் 4, ஆக 12. ஜோடி 9 வைத்திருந்தால் அவருக்கு ஃபுல் ஹவுஸ் (மூன்று ஒரே சீட்டும் ஒரு ஜோடியும்). அது 3 வகை. உங்களை வெல்லும் கைகள் மொத்தம் 15. ஜோடி ஏஸ், ஜோடி ராணி, ஜோடி ஜாக்கி, ஜோடி 10 ஆகியவை ஒவ்வொன்றும் 6 வகை, ஆக 24. ஏஸ்-ராணி போன்ற வெறும் கையோடு ஒரு முறை கட்டிப் பார்ப்பவர்களும் உண்டு. எனவே ஃப்ளாப்பில் நீங்கள் முன்னால்தான் இருக்கிறீர்கள். அந்தக் கால் சரி. டர்னில் 8-க்கு கால் செய்திருந்தாலும் சரியே.

26-க்கு ஏற்றியதும் என்ன நடக்கிறது? அந்த 24-ல் பெரும்பாலானவை கையை மடக்கிவிட்டுப் போய்விடும். ஜோடி 10 வைத்திருப்பவர் இரண்டு ராஜா கிடக்கும் பலகையில் எதற்காக உங்களோடு மல்லுக்கட்டுவார்? போகாமல் நிற்பவை அந்த 15. அதாவது, நீங்கள் ஜெயிக்கும் கைகளை நீங்களே வெளியே அனுப்பிவிட்டு, தோற்கும் கைகளை மட்டும் மேசையில் நிறுத்திக்கொண்டீர்கள். கிக்கர் (துணைச் சீட்டு) சின்னதாக இருக்கும் ட்ரிப்ஸ் (கையில் ஒன்று, பலகையில் ஜோடி என்று சேரும் மூன்று) காசு இழப்பது அநேகமாக இந்த வழியில்தான்.

இனி அந்தக் கடைசிக் கால். பாட், அதாவது நடுவில் சேர்ந்த பந்தயப் பணம், 132.5 பிளைண்ட்; நீங்கள் போட வேண்டியது 68. உங்கள் பங்கு சுமார் 34 சதவீதமாவது இருந்தால்தான் அது நஷ்டமில்லாத கால். ஏஸ்-ராஜாவுக்கு எதிராக உங்களுக்கு என்ன இருந்தது? தெரியாத சீட்டு 44. மூன்று 6-ல் ஒன்று வந்தால் ஜெயம். 9 வந்தாலோ 2 வந்தாலோ இருவருக்கும் ஒரே ஃபுல் ஹவுஸ், பாட்டைப் பாதியாகப் பிரித்துக்கொள்வீர்கள். பாதிகளையும் சேர்த்தால் உங்கள் பங்கு 13.6 சதவீதம்.

இங்கே ஒரு விஷயம் முதன்முதலாகக் கணக்குப் போட்டபோது என்னை அசர வைத்தது. அவரிடம் ஜோடி 9 இருந்து ஏற்கெனவே ஃபுல் ஹவுஸ் ஆகியிருந்தால் உங்கள் நிலை இதைவிட மோசம் என்றுதானே தோன்றும்? இல்லை. அப்போது கடைசி ராஜா, மூன்று 6, மூன்று 2 என்று ஏழு சீட்டு உங்களுக்கு முழு ஜெயம் தரும். ராஜா மூன்றோடு வரும் ஃபுல் ஹவுஸ் எதுவாக இருந்தாலும் அவருடைய 9 மூன்றை அடித்துவிடும். 44-ல் 7, கிட்டத்தட்ட 16 சதவீதம். ஆகக் கூடி, ஃபுல் ஹவுஸை எதிர்ப்பதைவிட ஒரே ட்ரிப்ஸில் பெரிய கிக்கரை எதிர்ப்பது கடினம்! நமக்கு உதவ வேண்டிய சீட்டுகள் அவருக்கும் உதவிவிடுகின்றன.

அவர் எல்லாவற்றையும் தள்ளும் நான்கு தடவையில் ஒரு தடவையாவது ஜோடி ஏஸ் போன்ற தாழ்ந்த கையோடு தள்ளுகிறார் என்று நம்பினால் மட்டும் அந்தக் கால் நியாயம். முதலிடத்திலிருந்து ஏற்றி, டர்னில் உங்கள் ஏற்றத்தின் மேல் தள்ளுகிற ஆளை நான் அப்படி நம்ப மாட்டேன்.

நானாக இருந்தால் 8-க்கு கால் செய்து ரிவரை (ஐந்தாவது, கடைசிச் சீட்டு) பார்த்திருப்பேன். அவர் மிதமாகக் கட்டினால் இன்னொரு கால். செக் செய்தால் ஜோடி ராணிக்காரர் கால் செய்யத் தூண்டும்படி சின்னதாக ஒரு பந்தயம். ஏஸ்-ராஜாவிடம் தோற்றிருந்தாலும் 30, 35 பிளைண்டோடு போயிருக்கும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: அந்த ராஜாவும் 6-ம் ஒரே இனமாக இல்லையென்றால், முதலிடத்து ஏற்றத்துக்கு எதிராக அதை ஆரம்பத்திலேயே விட்டிருப்பேன். அந்த இடத்தில் ராஜா வைத்து ஏற்றுகிறவர் 6-ஐவிடச் சின்னதை அதோடு வைத்திருக்க மாட்டார்.

கேள்வி: ட்ரிப்ஸில் இரண்டு பேருக்கும் ஒரே மூன்று சீட்டு என்றால் சின்ன கிக்கர்காரர் எப்போதும் தோற்பாரா? பாட் பிரிந்ததையும் பார்த்திருக்கிறேன்.

பதில்: எப்போதும் இல்லை. நல்ல கேள்வி, பலர் இதை எண்ணிப் பார்ப்பதே இல்லை. ஐந்து சீட்டுக் கையில் மூன்று போக இரண்டு இடம் மிச்சம். அந்த இரண்டு இடத்துக்கு உங்கள் கிக்கர், பலகையின் மற்ற மூன்று சீட்டுகளோடு போட்டி போடுகிறது. நான்கில் முதல் இரண்டுக்குள் வந்தால்தான் அதற்குக் கையில் இடம். பலகை ராஜா, ராஜா, ஜாக்கி, 9, 3 என்றால் ராஜா-6-ம் ராஜா-7-ம் ஒரே கை: மூன்று ராஜா, ஜாக்கி, 9. பாட் பிரியும். ஆனால் எதிரே ராஜா-ராணி இருந்தால் ராணி உள்ளே நுழைந்துவிடும், நீங்கள் தோற்பீர்கள்.

முக்கியமான கைகளை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பது என் பல வருடப் பழக்கம். அதில் ஒரு பக்கத்தை இன்றும் அடிக்கடி புரட்டுகிறேன். என்னிடம் ஏஸ்-4. பலகை ஏஸ், ஏஸ், 10, 5, 2. ஃப்ளாப், டர்ன், ரிவர் மூன்றிலும் நானே கட்டினேன். எதிரே இருந்த பெண்மணி ஒரு வார்த்தை பேசாமல் கால் செய்துகொண்டே வந்து, ரிவரில் என் பந்தயத்தை மூன்று மடங்காக ஏற்றினார். நான் கால். அவர் காட்டியது ஏஸ்-8. அவருக்கு மூன்று ஏஸ், 10, 8. எனக்கு மூன்று ஏஸ், 10, 5. என்னுடைய 4 கணக்கிலேயே வரவில்லை. பலகையின் 5 தான் எனக்குக் கிக்கர். வீட்டுக்கு வந்து எழுதியபோதுதான், ரிவரில் 8-க்கு 4 தோற்றது என்று மனதில் சொல்லிக்கொண்டிருந்தது தவறு என்பதே தெரிந்தது. அந்தப் பலகையில் எந்த ஏஸிடம் என்னால் ஜெயிக்க முடியும்? ஏஸ்-3-ஓடுகூடப் பிரித்துக்கொள்ளத்தான் முடியும். இதைக் கட்டுவதற்கு முன்னால் கேட்டுக்கொண்டிருந்தால் மூன்றாவது பந்தயத்தைப் போட்டிருக்க மாட்டேன்.

அதிலிருந்து ஒரு பழக்கம் வந்தது. பெரிய சீட்டில் ட்ரிப்ஸ் கிடைத்தால் கிக்கரைப் பார்த்து அதிகம் பயப்படுவேன், சின்ன சீட்டில் கிடைத்தால் அவ்வளவு பயப்பட மாட்டேன். ஏஸோடு எதைச் சேர்த்தாவது ஆடுகிறவர்கள் ஏராளம். 7-ஓடு அப்படி இல்லை; ராணி, 7, 7 என்ற பலகையில் எதிரே இன்னொரு 7 இருந்தால் அது ஏஸ்-7, 8-7, 7-6 போன்ற சிலவற்றுக்குள் அடங்கிவிடும்.

கேள்வி: செட், ட்ரிப்ஸ் இரண்டும் மூன்று ஒரே சீட்டுதானே, ஏன் இரண்டு பெயர்?

பதில்: கையில் ஜோடி, பலகையில் ஒன்று என்றால் செட். கையில் ஒன்று, பலகையில் ஜோடி என்றால் ட்ரிப்ஸ். செட்டை யாரும் மோப்பம் பிடிக்க முடியாது, அதே மூன்று சீட்டு இன்னொருவருக்கும் அமையாது, எனவே கிக்கர் கவலையும் இல்லை. ட்ரிப்ஸில் பலகையின் ஜோடி எல்லார் கண்ணிலும் படுகிறது. ஜோடியோடு தொடங்கினால் ஃப்ளாப்பில் செட்டோ அதற்கு மேலோ கிடைப்பது 11.8 சதவீதம். ஜோடியில்லாமல் தொடங்கினால் ஃப்ளாப்பில் ட்ரிப்ஸ் 1.35 சதவீதம்தான், 74-ல் ஒன்று. இவ்வளவு அரிதாக வருவதால்தான் வந்ததும் விட மனசு வருவதில்லை.

கேள்வி: அமெரிக்க போக்கர் ஆட்டக்காரர் டாய்ல் பிரன்சன் 10-2 வைத்து உலகப் போட்டியையே வென்றாராமே? அப்படியானால் சின்ன கிக்கர் என்று ஏன் பயப்பட வேண்டும்?

பதில்: வென்றது உண்மை. வேர்ல்டு சீரீஸ் ஆஃப் போக்கரின் பிரதான போட்டியில் 1976, 1977 என்று அடுத்தடுத்து இரண்டு ஆண்டும் கடைசிக் கை அவருக்கு 10-2 தான். இரண்டு முறையும் ஃப்ளாப்பில் ஒரு 10, டர்னில் 2, ரிவரில் இன்னொரு 10 வந்து ஃபுல் ஹவுஸ் ஆனது. கவனியுங்கள், அவர் வெறும் ட்ரிப்ஸோடு சின்ன கிக்கரைச் சுமந்துகொண்டு ஜெயிக்கவில்லை. அந்த 2 தானே ஜோடியாகிவிட்டது. அதோடு மேசையில் மிஞ்சியிருந்தது இரண்டே பேர், அங்கே எதிராளியிடம் இன்னொரு 10 இருக்கும் பயம் மிகக் குறைவு. ஒன்பது பேர் மேசையில் எனக்கு 10-2 வந்தால் மடக்கிவிடுகிறேன். பிக் பிளைண்டில் இருந்து யாரும் ஏற்றாதபோது மட்டும் ஃப்ளாப்பைப் பார்க்கிறேன்.