நோயாளியைப் பார்க்கச் செல்கையில் ஜப்பானில் எந்தப் பூ தகும்?

கேள்வி: கணவரின் வேலை காரணமாக நகோயாவில் வசிக்கிறோம். அவருடைய மேலாளர் அறுவை சிகிச்சை முடிந்து மருத்துவமனையில் இருக்கிறார். மஞ்சள் சாமந்தித் தொட்டி ஒன்று வாங்கிச் செல்ல எண்ணியிருக்கிறேன். ஜப்பானில் ஒவ்வொரு பூவுக்கும் ஒரு பொருள் உண்டு என்கிறார்களே, இது பொருத்தமாக இருக்குமா?

பதில்: பொருந்தாது. சாமந்தி, தொட்டி இரண்டுமே அங்கே சங்கடத்தை உண்டாக்கும்.

முதலில் தொட்டி. செடி வேரூன்றுவதை ஜப்பானியர் 'நெட்சுகு' என்பார்கள். நோயில் விழுந்து படுக்கையோடு கிடப்பதற்கும் அவர்கள் மொழியில் அதே ஒலிதான். எனவே நோயாளியிடம் தொட்டியை நீட்டுவது 'படுக்கையிலேயே வேர்விடுங்கள்' என்று வாழ்த்துவதைப் போலாகிவிடும். புதுக்கடை திறப்பு விழாவுக்கு மட்டும் இதே வேர் நல்ல சகுனமாகி, வாசலில் வெள்ளை ஆர்க்கிட் தொட்டிகள் வரிசை கட்டி நிற்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

சாமந்தி அங்கே மதிப்புக் குறைந்த பூ அன்று. 16 இதழ் கொண்ட சாமந்தியே பேரரசரின் முத்திரை. 50 யென் நாணயத்திலும் அந்தப் பூ உண்டு. பச்சை மீன் தட்டின் ஓரத்தில் வைக்கும் சிறிய மஞ்சள் பூவும் பெரும்பாலும் அதுவே. ஆனால் இறுதிச் சடங்கிலும் கல்லறையிலும் வீட்டுப் பௌத்த மாடத்திலும் காலங்காலமாக வைத்துவருவதால், அதை மருத்துவமனையில் கண்டால் மனம் அந்தப் பக்கம்தான் போகும்.

நீங்கள் கேட்ட 'பூவின் பொருள்' பட்டியலுக்கு ஹனகொதொபா என்று பெயர். மேற்கத்திய மலர்மொழி வழக்கம் மெய்ஜி காலத்தில் (1868–1912) வந்து உள்ளூர் நம்பிக்கைகளோடு கலந்து உருவானது அது. ஒரு பட்டியலில் உள்ள பொருள் இன்னொன்றில் மாறியிருக்கும். அதை மனப்பாடம் செய்வதைவிட, பூவின் பெயர் எப்படி ஒலிக்கிறது, பூ எப்படி உதிர்கிறது, வழக்கமாக எங்கே வைக்கப்படுகிறது என்று பார்ப்பதே பயன்தரும் என்பது என் கருத்து. சைக்ளமெனை அவர்கள் 'ஷிகுராமென்' என்பார்கள். அதில் 'ஷி' சாவையும் 'கு' துன்பத்தையும் நினைவூட்டும். இதே காரணத்தால், 'ஷி', 'கு' என்றே ஒலிக்கும் 4, 9 என்ற எண்ணிக்கையில் பூக்கள் தருவதையும் தவிர்ப்பார்கள். 'த்சுபாக்கி' எனப்படும் கமேலியாவின் குறை வேறு. இதழ் இதழாக உதிராமல், நடுவிலுள்ள மகரந்தத் தாள்களோடு முழுப் பூவாகக் கழன்று, பல வேளைகளில் முகம் மேல்நோக்கியபடியே தரையில் கிடக்கும். தலை துண்டானதைப் போலத் தோன்றுவதால் நோயாளிக்குக் கொடுக்க மாட்டார்கள். இத்தனைக்கும் ஷோகன் என்ற இராணுவ ஆட்சியாளராக இருந்த தொக்குகாவா ஹிதெதாதா விரும்பி வளர்த்த பூ அது. குளிர்காலத் தேநீர்ச் சடங்கில் இன்றும் அதற்குத்தான் முதலிடம். அஜிசாய் எனப்படும் ஹைட்ரேஞ்சியாவும் நிறம் மாறி வெளிறுவதால் இந்த நேரத்துக்கு வேண்டாம்.

மணம் தூக்கலான லில்லி, இரத்தத்தை நினைவூட்டும் அடர் சிவப்பு, முழுக்க வெள்ளையான கொத்து ஆகியவற்றையும் விட்டுவிடுங்கள். வெளிர் ஆரஞ்சு, இளஞ்சிவப்பு ஜெர்பெராக்கள் ஐந்தோ ஏழோ போதும். கடையில் 'ஒமிமாய்' என்று சொன்னால் நோயாளியைப் பார்க்கப் போகிறீர்கள் என்று புரிந்துகொண்டு பொருத்தமான பூக்களை எடுத்துத் தருவார்கள். நீர் ஊறிய ஸ்பாஞ்சில் செருகிய சிறு கூடையாகக் கேட்டால் அங்கே ஜாடி தேட வேண்டியிருக்காது.

எதற்கும் வாங்குவதற்கு முன் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசிவிடுங்கள். தொற்று அச்சத்தால் பூக்களையே அனுமதிக்காத மருத்துவமனைகள் அங்கே ஏராளம். அனுமதி இல்லையென்றால், அவர் வீடு திரும்பிய பிறகு கூடையை அங்கே அனுப்பிவையுங்கள்.