வரத்து இல்லாத கொள்ளளவு

வணக்கம்.

சிவகங்கை மாவட்டத்தில் மானாவாரிக் கண்மாயை நம்பியிருக்கும் ஊர் எங்களுடையது. உள்வாய் (தண்ணீர் நிற்கும் பரப்பு) 50 ஏக்கர், ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) 90 ஏக்கர். பஞ்சாயத்து யூனியன் கண்மாய். பழைய டேங்க் மெமாயர் (கண்மாய் விவரப் பதிவேடு) நகலில் நீர்ப்பிடிப்பு, அதாவது மழைநீர் கண்மாய்க்கு ஓடிவரும் நிலம், ஆயிரம் ஏக்கர் என்று இருக்கிறது. பத்து வருடத்துக்குள் இரண்டு முறை தூர்வாரி, கரையையும் பலப்படுத்தினார்கள். ஆனாலும் பொங்கல் தாண்டினால் தண்ணீர் இல்லை. நல்ல மழை பெய்த வருடத்தில்கூடக் கண்மாய் நிரம்பிக் கலுங்கு (உபரிநீர் வழியும் இடம்) போகவில்லை. இப்போது நீர்வடிப்பகுதித் திட்டத்துக்கு அறிக்கை தயார் செய்கிறார்கள். மேட்டு நிலங்களில் 50 பண்ணைக் குட்டை, ஓடையில் மூன்று தடுப்பணை, கண்மாயில் மறுபடியும் தூர்வாரல். ஆகஸ்ட் 15 கிராம சபையில் ஒப்புதல் கேட்பார்கள். குட்டைகள் வெட்டினால் கண்மாய்க்குத் தண்ணீர் கூடும் என்கிறார்கள். உண்மையா? நாங்கள் என்ன கேட்க வேண்டும்?

வாசகர் ஒருவர், காளையார்கோவில் வட்டம்

*

அன்புள்ள நண்பருக்கு,

குட்டை வெட்டினால் கண்மாய்க்குத் தண்ணீர் கூடாது, குறையும். அதனால் குட்டையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எவ்வளவு குறையும் என்று கணக்குப் போட்டுவிட்டு ஒப்புதல் கொடுங்கள்.

உங்கள் கடிதத்தில் கண்மாயின் அளவு இருக்கிறது, ஆயக்கட்டின் அளவு இருக்கிறது. கண்மாய்க்கு ஒரு வருடத்தில் எவ்வளவு தண்ணீர் வந்து சேர்கிறது என்பது மட்டும் இல்லை. அறிக்கையிலும் அது இருந்தால் ஆச்சரியம்தான். நாமே போட்டுப் பார்க்கலாம். ஒரு ஹெக்டேரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 10 கன மீட்டர் தண்ணீர். ஆயிரம் ஏக்கர் என்பது ஏறக்குறைய 400 ஹெக்டேர். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழை 400 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அதில் பத்தில் ஒரு பங்கு மண்ணுக்குள் இறங்காமல், ஆவியாகாமல் ஓடி வரும் என்று எடுத்துக்கொண்டால் 40 மி.மீ. அதாவது 1,60,000 கன மீட்டர். மில்லியன் கன அடியில் சொன்னால் ஐந்தரைக்குச் சற்று மேல். பத்தில் ஒரு பங்கு என்பது என் அனுமானம். இறுகிய செம்மண் மேடு என்றால் கூடும், உழுத நிலம் அதிகமென்றால் குறையும். பொறியாளர்கள் மழையளவிலிருந்து ஓடிவரும் நீரைச் சொல்லும் ஸ்ட்ரேஞ்ச் அட்டவணையை வைத்து நீர்ப்பிடிப்பை நல்லது, நடுத்தரம், மோசம் என்று பிரித்துக் கணக்கிடுவார்கள். உங்கள் நீர்ப்பிடிப்பை எதில் சேர்த்தார்கள் என்பது முதல் கேள்வி.

இனி கொள்ளளவு. 50 ஏக்கர் உள்வாய், 20 ஹெக்டேர். சராசரி ஆழம் ஒன்றரை மீட்டர் என்றால் 3,00,000 கன மீட்டர் பிடிக்கும். வருவதோ அதில் பாதி. கலுங்கு ஏன் போகவில்லை என்பதற்கு இதுவே முதல் விளக்கம். பாதி நிரம்பும் கண்மாயை இரண்டு முறை ஆழப்படுத்தியிருக்கிறார்கள், மூன்றாம் முறைக்கும் மதிப்பீடு தயாராகிறது.

தூர்வாரலில் எவ்வளவு மண் எடுப்பார்கள்? 20,000 கன மீட்டர் என்று வையுங்கள். லாரிக்காரர் கணக்கில் ஒரு யூனிட் 100 கன அடி, 2.83 கன மீட்டர். ஆக ஏழாயிரம் யூனிட் சொச்சம். பார்க்கப் பெரிய வேலை. ஆனால் நிறைந்த கண்மாயில் ஒரு நாளைக்கு 5 மி.மீ. ஆவியாகிறது என்றால் 20 ஹெக்டேரில் தினம் 1,000 கன மீட்டர் போகும். ஏழாயிரம் யூனிட் மண் எடுத்துக் கிடைக்கும் இடம் இருபது நாள் வெயிலுக்குச் சமம். அந்த இடமும் நிரம்பினால்தான்.

தூர்வாரலில் கேடு வருவது பெரும்பாலும் மூன்று வழியில். மடையின் (வயலுக்கு நீர் திறந்துவிடும் வாயின்) அடிமட்டத்துக்குக் கீழே தோண்டினால் அந்தத் தண்ணீர் தானாக வயலுக்குப் பாயாது, மோட்டார் வைத்துத்தான் இறைக்க வேண்டும். ஆடு மாட்டுக்கு ஆகும், ஆயக்கட்டுக்கு ஆகாது. இரண்டாவது, உள்வாயின் அடியில் படிந்திருக்கும் களிமண் படலத்தைத் தாண்டி மணலோ சரளையோ தெரியும் வரை எடுத்துவிட்டால், முன்பு தை வரை நின்ற தண்ணீர் மார்கழியிலேயே இறங்கிவிடும். மண் விற்பனைக்கு நல்ல சரக்கு அந்த ஆழத்தில்தான் கிடைக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். மூன்றாவது, கரையை ஒட்டித் தோண்டுவது. வண்டி ஓட்டம் மிச்சம் என்று கரைக்கான மண்ணைக் கரையடியிலேயே எடுப்பார்கள். முதல் நிறைவில் கரையின் உட்சரிவு அந்தக் குழிக்குள் சரியும். கரையின் உள் அடியிலிருந்து குறைந்தது 10 மீட்டருக்குள் தோண்டும் எந்திரத்தின் பக்கெட் இறங்கக் கூடாது, கரை உயரமென்றால் இன்னும் தள்ளி. கலுங்கு ஓரம் மேடேறி உள்வாயே சுருங்கியிருந்தால் தூர்வாருங்கள். மேல் வண்டலை விவசாயிகள் இலவசமாக எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி உண்டு, அதற்கு அரசுப் பணம் தேவையில்லை.

பிறகு ஏன் எல்லாத் திட்டமும் தூர்வாரலில் போய் நிற்கிறது? மண் வேலையைக் கன மீட்டரில் அளக்கலாம், எம்-புக்கில் (வேலை அளவுப் பதிவேட்டில்) ஏற்றலாம், ஒரு மாதத்தில் பில் போடலாம். மழை வந்து தண்ணீர் நின்றுவிட்டால் எவ்வளவு எடுத்தார்கள் என்று யாரும் சரிபார்க்க முடியாது. வரத்துக்காலை, அதாவது கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் கால்வாயை, மீட்க வேண்டுமானால் சர்வேயர் வர வேண்டும், தாசில்தார் கையெழுத்திட வேண்டும், பக்கத்து நிலத்துக்காரர் கோர்ட்டுக்குப் போவார். எந்தப் பொறியாளரும் மார்ச் மாதத்துக்குள் முடிகிற வேலையைத்தான் தேர்ந்தெடுப்பார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, நிதி வருகிற விதம் அப்படி.

உங்கள் கண்மாயின் நோய் வரத்துக்காலில் இருக்கிறது என்று நினைக்கிறேன். காரணத்தை எண்ணிலேயே சொல்கிறேன். மழைக்காலத்தின் மொத்த வரத்தும் நான்கைந்து கனமழை நாட்களில்தான் வருகிறது. அப்படி ஒரு நாளில் 12 மி.மீ. ஓடி வந்தால் 400 ஹெக்டேரிலிருந்து 48,000 கன மீட்டர். கண்மாய்க்கு நேரே இறங்குவது போக முக்கால் பங்கு, 36,000 கன மீட்டர், வரத்துக்கால் வழியே வர வேண்டும். எட்டு மணி நேரத்தில் வருகிறது என்றால் மணிக்கு 4,500. இப்போது கால்வாயின் குறுக்கே போட்ட தார்ச் சாலையைப் பாருங்கள். பழைய கல்பாலம் இருந்த இடத்தில் 600 மி.மீ. சிமெண்ட் குழாய் ஒன்றைப் புதைத்திருந்தால், அது முழுதாக ஓடினாலும், நொடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில், மணிக்கு 1,200 கன மீட்டர் சொச்சம்தான் விடும். எட்டு மணி நேரத்தில் பத்தாயிரம்கூட வராது. மிச்சம் சாலையோரமாகத் திரும்பி அடுத்த ஓடைக்குப் போய்விடும். நல்ல மழையிலும் கலுங்கு போகாத ஊர்களில் முதலில் எண்ண வேண்டியது சாலைக் குழாய்களைத்தான். சாலை போட்டது ஒரு துறை, கண்மாய் வேறு துறை. குழாயின் அளவைக் கண்மாய்க்காரரிடம் கேட்டிருக்க மாட்டார்கள்.

கிராம சபைக்கு முன் கால்வாயைத் தலையிலிருந்து கண்மாய் வரை நடந்து பாருங்கள். கிராம வரைபடம், புலப்படம் (ஒவ்வொரு சர்வே எண்ணின் அளவு வரைபடம்), அ-பதிவேடு (கிராம நிலங்களின் வருவாய்ப் பதிவேடு) மூன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஓடை, வாய்க்கால் புறம்போக்கு என்று எந்தெந்த சர்வே எண் பதிவாகியிருக்கிறது, புலப்படத்தில் அகலம் எவ்வளவு, தரையில் எவ்வளவு என்று ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் எழுதுங்கள். பட்டா நிலத்துக்குள் வழக்கமாக ஓடிய பகுதியைத் தனியாகக் குறியுங்கள். அதைப் புறம்போக்கு என்று சொல்லி மனு போட்டால் முழு மனுவும் விழுந்துவிடும். ஆக்கிரமிப்புக்கு இரண்டு சட்டங்களைக் குழப்பிக்கொள்கிறார்கள். 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் பொதுப்பணித் துறைப் பொறுப்பில் இருந்த கண்மாய்களுக்கானது. ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேற்பட்டவை அவர்களிடம் இருந்தன, இப்போது நீர்வளத் துறையில். உங்களுடையது 36 ஹெக்டேர், அதனால் யூனியன் கண்மாய். உங்களுக்கு 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம்தான் வழி: 7-ஆம் பிரிவில் நோட்டீஸ், 6-ஆம் பிரிவில் வெளியேற்றம், இரண்டும் வருவாய்த் துறை செய்ய வேண்டியது. சீமைக்கருவேலத்தை வெட்டினால் போதாது, வேரோடு பிடுங்கும் வேலைக்கான விலை வீதம் மதிப்பீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். வெட்டு மட்டும் இருந்தால் இரண்டாம் வருடம் முன்னைவிட அடர்த்தியாக நிற்கும்.

இனி உங்கள் கேள்வியின் நடு முடிச்சு. மேலே 30 மீட்டருக்கு 30, ஆழம் 2 மீட்டர், சரிவு ஒன்றரைக்கு ஒன்று என்று ஒரு குட்டை வெட்டினால் அடிப்பரப்பு 24 மீட்டருக்கு 24 ஆகும். கொள்ளளவு சுமார் 1,460 கன மீட்டர். 50 குட்டை என்றால் 73,000. உங்கள் கண்மாயின் வருட வரத்தே 1,60,000 என்று பார்த்தோம். குட்டைகள் ஒரே ஒரு முறை நிரம்பினாலே கண்மாய்க்கு வருவதில் கிட்டத்தட்ட பாதி மேலேயே நின்றுவிடும். காய்ந்து மறுபடி நிரம்பினால் இன்னும் அதிகம். குட்டையில் இறங்குவது கிணறுகளுக்குப் போகும் என்பது உண்மை, ஆனால் அந்தக் கிணறுகள் மேட்டுக்காரருடையவை. தடுப்பணைகளின் கதையும் இதேதான்.

ஆனால் மேட்டுக்காரர் குட்டை கேட்பதில் நியாயம் இருக்கிறது. அவருக்கு இதுவரை எந்தத் திட்டமும் எதுவும் தந்ததில்லை, மழை பொய்த்தால் அவர் பயறு முழுதும் போகும். 50 வேண்டுமா 20 போதுமா என்பது ஊர் கூடி முடிவு செய்ய வேண்டிய பங்கீடு. அறிக்கையோ அதைப் பங்கீடாகவே காட்டாது. குட்டைப் பக்கத்தில் இத்தனை ஏக்கர் பயன், தடுப்பணைப் பக்கத்தில் இத்தனை கிணறு, கண்மாய்ப் பக்கத்தில் முழு ஆயக்கட்டுக்கும் பாசனம் என்று ஒரே தண்ணீரை மூன்று இடத்தில் எழுதிவிடுவார்கள். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு என்பது நீர்வடிப்பகுதித் திட்டத்தின் அடிப்படை விதி. மண் அரிப்பைத் தடுப்பதற்கு அது மிகச் சரி, வரப்பும் கல் தடுப்பும் வண்டலை மேலேயே நிறுத்தும். நீர்ப் பங்கீட்டுக்கு அது பதில் சொல்லாது.

இதற்கு ஒரு நிர்வாகக் காரணமும் உண்டு. நீர்வடிப்பகுதித் திட்டங்களுக்கான 2008-இன் பொது வழிகாட்டுதல்களில் சமவெளிக்கு ஹெக்டேருக்கு 12,000 ரூபாய், அதில் விரிவான அறிக்கை தயாரிக்க 1 சதவீதம். ஹெக்டேருக்கு 120 ரூபாயில் யார் ஓடையில் நின்று நீர் அளப்பார்கள்? பக்கத்துத் திட்டத்தின் அறிக்கையில் ஊர்ப் பெயரை மாற்றுவதுதான் நடக்கும். 2021-இல் வந்த அடுத்த கட்டத்தில் சமவெளிக்கான தொகை ஹெக்டேருக்கு 22,000 ஆகியிருக்கிறது. தொகை கூடியது, நீர் அளக்கும் பழக்கம் கூடவில்லை.

கிராம சபையில் திட்டத்தை எதிர்க்காதீர்கள், நிபந்தனையோடு தீர்மானம் போடுங்கள். வரத்து, குட்டைகளும் தடுப்பணைகளும் பிடிப்பது, கண்மாய்க்கு மிஞ்சுவது, அதில் எத்தனை ஏக்கர் விளையும் என்பவை ஒரே அட்டவணையில் வர வேண்டும். நான் போட்ட கணக்கில் 1,60,000-இல் ஆவியும் கசிவும் நாற்பது சதவீதம் போனால் 96,000 மிஞ்சும். நெல்லுக்கு ஹெக்டேருக்கு 12,000 கன மீட்டர், மழை பாதியைத் தந்தால் கண்மாய் தர வேண்டியது 6,000. ஆக 16 ஹெக்டேர், 40 ஏக்கர். 90 ஏக்கரும் நெல் என்று அறிக்கை சொன்னால் நம்பாதீர்கள். தூர்வாரல் தொகையை வரத்துக்காலுக்கும் சாலைக் குழாயைப் பெட்டிப் பாலமாக மாற்றவும் திருப்பக் கேளுங்கள். தலைப்பு (நிதி ஒதுக்கிய இனம்) மாற்றம் முடியாது என்பார்கள். அப்படியானால் அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். மண் எடுத்தே ஆக வேண்டும் என்றால் தோண்டும் முன்னும் பின்னும் தரை மட்டத்தை ஊரார் முன்னால் அளக்க வேண்டும், மடை அடிமட்டத்தைத் தாண்டக் கூடாது என்று தீர்மானத்திலேயே எழுதுங்கள்.

கடைசியாக, இந்த ஐப்பசிக்குள் மடைக்கல்லில் பெயிண்டால் சென்டிமீட்டர் கோடு போட்டுவிடுங்கள். நீர்ப்பாய்ச்சி (மடையைத் திறந்து மூடுபவர்) தினம் காலையில் பார்த்து ஒரு நோட்டில் எழுதட்டும். கால்வாயில் நீர் வரும்போது 20 மீட்டர் தூரத்துக்கு ஒரு தேங்காய் மட்டையை மிதக்கவிட்டு நொடி எண்ணுங்கள். வேகத்தை அகலத்தாலும் ஆழத்தாலும் பெருக்கி, அதில் பத்தில் எட்டுப் பங்கை எடுத்துக்கொண்டால் வரத்து கிடைக்கும். மழை நின்று, வரத்தும் நின்று, மடையும் அடைத்திருக்கும் ஒரு பத்து நாளில் மட்டம் 5, 6 சென்டிமீட்டர் இறங்கினால் அது வெயில் குடித்தது. 12, 15 என்று இறங்கினால் கண்மாய் கசிகிறது. மடைக்குக் கீழே வாய்க்கால் ஈரமாக இருந்தால் மடைக் கதவு, கரைக்குப் பின்னால் கோரை முளைத்திருந்தால் கரை, இரண்டும் இல்லையென்றால் போன தூர்வாரலில் அடிக் களியை எடுத்துவிட்டார்கள். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு, செலவும் வேறு. களி போன இடத்துக்கு வண்டலைத் திரும்பக் கொட்டி மிதிக்க வைப்பதுதான் எளிய வழி, அதற்குத் திட்டங்களில் பெரும்பாலும் தலைப்பு இருக்காது.