மட்டக்களப்பில் இருந்துகொண்டு வாகனங்களைப் பற்றி எழுதுவதைத் தொழிலாக்கலாமா?

கேள்வி கேட்டவர் ஏ.எல். முடித்திருக்கிறார், வாகனங்களில் ஆர்வம். தமிழில் எழுதி, பின்னால் ஒரு புத்தகமும் போட வழியுண்டா என்கிறார்.

உண்டு. ஆனால் முதல் சில வருடங்களுக்கு அதை மட்டும் நம்பி அடுப்பு மூட்ட முடியாது. வேறொரு சம்பளத்தைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

புதுக் கார் அறிமுகமெல்லாம் கொழும்பில். அங்கே கொடுக்கும் துண்டுப்பிரசுரத்தைத் தமிழாக்க ஆள் நிறைய இருக்கிறது, அதற்குள் போய் இடிபட வேண்டாம். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அதற்குள் பாவித்த வாகனங்களைப் பற்றிய கேள்விகள் மலையாய்க் குவிந்துவிட்டன. "இந்த டொயோட்டா அக்வாவை எடுக்கலாமா?", "இந்த ஸ்கூட்டி லீற்றருக்கு எவ்வளவு ஓடும்?" இவற்றுக்கு அளந்து பதில் எழுதுபவர்கள்தான் குறைவு. உங்கள் இடம் அதுதான்.

அளப்பதில் முதல் பிழை பெற்றோல் கணக்கில் வரும். டாங்கை நிரப்பி, மட்டக்களப்பில் இருந்து கல்முனைக்குப் போய்த் திரும்பி, மறுபடி நிரப்பிப் பார்ப்பார்கள். ஏறக்குறைய 80 கிலோமீற்றர். லீற்றருக்கு 45 ஓடுகிற ஸ்கூட்டி அதற்குக் குடிப்பது 1.8 லீற்றர் அளவு. ஸ்கூட்டி டாங்கில் "நிரம்பிவிட்டது" என்பது கண் மதிப்பு. 200 மில்லிலீற்றர் கூடக் குறையப் போனால் கணக்கு 40 என்றும் வரும், 50 என்றும் வரும். இடையில் ஊற்றுவதையும் கூட்டி, குறைந்தது 5 லீற்றராவது எரியும் வரை ஓடுங்கள், பிழை நூற்றுக்கு 4 ஆகச் சுருங்கும். இரண்டு தரமும் அதே பெற்றோல் செட், அதே பம்ப், ஸ்கூட்டி நடு ஸ்டாண்டில். டயர்க் காற்றை வண்டி சூடாகும் முன் பாருங்கள். கச்சான் காற்று அடிக்கிற நாளென்றால் அதையும் எழுதுங்கள், திறந்த வெளியில் காற்றை எதிர்த்து ஓடுகிற வண்டி கூடத்தான் குடிக்கும்.

வேகமானியையும் அப்படியே நம்பாதீர்கள். ஐரோப்பா, ஜப்பான் உட்படப் பல நாடுகள் ஏற்றுக்கொண்ட ஐ.நா. விதிப்படி அது உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக்கூடாது, கூட்டிக் காட்டலாம்: நூற்றுக்கு 10, அதோடு மணிக்கு 4 கிலோமீற்றர் வரை. உண்மையில் 60 இல் போகும்போது முள் 70 இல் நின்றாலும் விதிக்கு உட்பட்டதுதான். நேர் வீதியில் கைபேசி ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தைக் கட்டுரையில் போடுங்கள்.

ஹைபிரிட் கார்களைப் பற்றி எழுதும்போது "பற்றரி போச்சு" என்ற சொல்லை எடுத்த எடுப்பில் பாவிக்க வேண்டாம். முதல் தலைமுறை அக்வாவில் இருப்பது நிக்கல் பற்றரி. 7.2 வோல்ற் துண்டுகள் 20, மொத்தம் 144 வோல்ற். அதைக் குளிர்விக்கும் காற்றைப் பின் இருக்கைப் பக்கத்து வலைத் துவாரம் வழியாக ஒரு சின்ன விசிறி இழுக்கிறது. கடற்கரை மணலும் இருக்கைத் துணியின் பஞ்சும் அதில் கம்பளி மாதிரிப் படியும். காற்று குறைய, சூடு கூட, பற்றரி சீக்கிரம் கெடும். கராஜில் கேட்க வேண்டிய கேள்வி: அந்த விசிறியைக் கடைசியாக எப்போது கழற்றித் துடைத்தார்கள்? பிறகு ஸ்கானர் போட்டு, வண்டி இழுக்கும்போது எந்தப் பற்றரித் துண்டின் வோல்ற்றேஜ் மட்டும் தனியாக விழுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். உயர் மின்னழுத்தம் ஓடும் செம்மஞ்சள் வயரில் நீங்கள் கை வைக்காதீர்கள்.

உற்பத்தி ஆண்டு பார்க்க, வண்டியின் 17 இலக்க அடையாள எண்ணில் (VIN) பத்தாவது எழுத்தைப் பார் என்று இணையம் சொல்லும். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக் கார்களில் அந்த 17 இலக்கமே கிடையாது. சீற் பெல்ற்றை முழுவதும் இழுத்து அடியில் தைத்த லேபலைப் பாருங்கள். டயரில் கடைசி நாலு இலக்கம் வாரமும் வருடமும்: 2319 என்றால் 2019 இன் 23 ஆவது வாரம்.

குறிப்பெடுக்கத் தனிப் பழக்கம் வேண்டும். 1955 இல் இத்தாலியின் மில்லே மில்யா கார் ஓட்டத்தில் ஸ்டேர்லிங் மொஸ்ஸுக்குப் பக்கத்தில் இருந்து வழி சொன்ன டெனிஸ் ஜென்கின்சன் ஒரு வாகன நிருபர். முன்கூட்டியே பாதையை ஓடிப் பார்த்து, வளைவுகளை நீண்ட தாள் சுருளில் எழுதி வைத்திருந்தார். வென்றார்கள். உங்களுக்குக் கைபேசி ஒலிப்பதிவு போதும். ஆனால் அன்றைக்கே கேட்டு எழுதுங்கள், மறுநாள் "ஒரு சத்தம்" எந்தச் சத்தம் என்று மறந்துவிடும்.

குறை எழுதினால் ஆதாரத்தை வைத்திருங்கள்: பில், படம், திகதி. குற்றவியல் அவதூறுச் சட்டம் 2002 இல் நீக்கப்பட்டாலும் சிவில் வழக்குப் போடலாம்.

புத்தகத்துக்கு வருவோம். கார்களைப் பற்றி உலகத்தில் ஆயிரம் புத்தகம் இருக்கிறது. வாவிக்கு மேற்கே படுவான்கரையிலும் 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்து வயல்களிலும் உழுத மெஷின்களை, அதாவது ட்ரக்டர்களைப் பற்றி எழுதுங்கள். வயல் சொந்தக்காரரான போடியார் வீட்டுப் பின்பக்கம் நிற்கும் மெசி பெர்குசன் 35 ஐ எடுங்கள். டீசலைப் பீச்சும் இன்ஜெக்டரை எண்ணுங்கள், சிலிண்டருக்கு ஒன்று. நாலு என்றால் ஸ்டாண்டர்ட் 23சி என்ஜின், மூன்று என்றால் பெர்கின்ஸ். நாலு சிலிண்டர்க்காரன் குளிரில் ஸ்டார்ட் எடுக்காது என்று இங்கிலாந்தில் அதற்குக் கெட்ட பெயர். எங்கள் வெயிலில் அந்தக் குறை இருந்ததா? அதை ஓட்டிய கிழவர்கள் இருக்கும்போதே கேட்க வேண்டும். பிறகு என்ஜின் மாற்றியிருக்கலாம், ஆகவே பெயர்ப்பலகையை மட்டும் பார்த்து எழுத வேண்டாம்.

புத்தகத்தை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண்ணைக் கொழும்பிலுள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையில் எடுக்கலாம். நமக்கு 978-955, 978-624 என்று தொடங்கும். பத்திரிகைக்கு எழுதும்போதே, கட்டுரைகளைப் பின்னால் நூலாக்கும் உரிமை உங்களிடமே இருக்கும் என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். பக்கங்களை 16 இன் மடங்கில் திட்டமிட்டால் அச்சகத்தில் தாள் வீணாகாது. படங்களை வாட்ஸ்அப்பில் வாங்கிச் சேமிக்காதீர்கள். 1600 பிக்சலுக்குச் சுருங்கிய படம் அங்குலத்துக்கு 300 புள்ளி (டிபிஐ) அச்சில் ஐந்தேகால் அங்குலத்துக்கு மேல் போகாது, அட்டைக்குப் போட்டால் மெசியின் பெயரே வாசிக்க வராது.